பிள்ளைகளுடன் கேம்பிரிட்ஜில் ஒரு நாள்

1209-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டாள். கொன்றவன் ஒரு மாணாக்கன் என்று ஊரார் நம்பினார்கள். அவன் அகப்படாமல் ஓடிவிட்டபடியால், அவனோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர்களைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். அரசனும் திருச்சபையும் ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டிருந்த காலமாகையால், முறையிடுவதற்கு இடமின்றி, உயிருக்கு அஞ்சிய ஆசிரியரும் மாணாக்கரும் நாலா பக்கமும் சிதறிப்போனார்கள். அவர்களுள் ஒரு சாரார் கிழக்கே சதுப்பு நிலத்தின் ஓரமாக, ஒரு சிறிய ஆற்றங்கரையில் இருந்த சந்தை ஊருக்கு வந்துசேர்ந்து, வாடகைக்கு எடுத்த அறைகளில் பாடஞ்சொல்லத் தொடங்கினார்கள். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் உற்பத்தி இதுதான். அவர்களுக்கென்று கட்டடமுள்ள ஒரு கல்லூரி, பீட்டர்ஹவுஸ் என்ற பெயரில், ஈலி நகரத்து ஆயரின் தயவால் அமைந்தது 1284-இல். அதாவது, வந்தவர்கள் 75 வருஷ காலம் நிரந்தரமான கூரையில்லாமலே கல்வியை நடத்தினார்கள்.

லண்டனில் வார இறுதி நாட்களில் நடைபெறும் எங்கள் தமிழ்ப் பள்ளியின் மேல் வகுப்புப் பிள்ளைகளை இவ்வருஷம் அந்நகரத்துக்கு அழைத்துச் செல்வதென்று முடிவானபோது, இந்த வரலாற்றையே முதலில் அவர்களுக்குச் சொல்வதென்று நான் நிச்சயித்துக்கொண்டேன். இப்பிள்ளைகளிற் பலருடைய பெற்றோர், யுத்த காலத்தில் ஊரையும் படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு இத்தேசத்துக்கு வந்தவர்கள். அகதி என்ற சொல் அவர்கள் வீடுகளில் எப்போதும் தணிந்த குரலிலேயே பேசப்படுவது. அப்படியிருக்க, நியூட்டனும் டார்வினும் கற்ற ஒரு மகா ஸ்தாபனம், உயிர் தப்பி ஓடிவந்தவர்களால் உண்டானது என்பதை ரயிலில் சொல்லக் கேட்டபோது, பன்னிரண்டு வயதுப் பையனொருவன், "அப்ப ரீச்சர், அவையளும் எங்கட அப்பா மாதிரித்தானே வந்தவை?" என்று கேட்டான். ஆம் என்றேன். அதற்குமேல் விளக்கம் ஒன்றும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

பள்ளிச் சுற்றுலா என்றால் காலையிற் புறப்பட்டு, கிடைத்த நேரத்துக்குள் எத்தனை இடங்களைக் காட்ட முடியுமோ அத்தனையையும் காட்டி, மாலையில் களைப்புடன் திரும்புவது என்பதே பொதுவான வழக்கம். அந்த வழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. விசேஷமாகக் கேம்பிரிட்ஜைப் போன்ற ஒரு நகரத்தில், மேதைகளின் பெயர்களை வரிசையாக ஒப்புவித்துக்கொண்டு முப்பத்தொரு கல்லூரிகளின் வாயில்களையும் கடந்துபோவதால், பிள்ளைகளின் மனத்தில் ஒன்றுதான் பதியும்: இது பிறப்பிலேயே பெரியவர்களாய்ப் பிறந்தவர்களின் இடம், நாம் வெளியே நின்று படம் பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள். அந்த வாயில்கள் யாருக்குத் திறந்திருந்தன, யாருக்கு மூடியிருந்தன, எந்த வருஷத்தில் யார் முயன்று அவை திறக்கப்பட்டன என்பதையும் கூடவே சொன்னால், வாயில் என்பது மனிதர் வைத்ததும் மனிதரே மாற்றியதுமான ஒன்று என்பதை அவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள். ஆகவே சில இடங்களை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றில் நின்று நிதானித்துப் பார்ப்பது என்பது எங்கள் ஏற்பாடாயிற்று. படகுச் சவாரி வேண்டும் என்று பெற்றோரிற் சிலர் விரும்பினார்கள். தட்டையான அடியுள்ள அந்தப் படகுகளில் நீண்ட கோலை ஊன்றிச் செல்வது இனிமையானதுதான். ஆனால் ஒரு நாளில் அதற்கு நேரமில்லை.

கிங்ஸ் கிராஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பிரயாணம். ரயில் நிலையத்தில் இறங்கியதுமே எங்கள் விஷயம் தொடங்கிவிட்டது. ஏனென்றால், ஊரின் நடுப்பகுதி அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளியிருக்கிறதே, ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்நிலையம் திறக்கப்பட்டது 1845-இல். மாணவர்கள் ரயிலேறி லண்டனுக்குப் போய்க் கெட்டுவிடுவார்கள் என்ற பயம் அக்காலத்துச் சர்வகலாசாலை அதிகாரிகளுக்கு இருந்தபடியால், பாதை போடுவதற்கு அனுமதி தந்த சட்டத்திலேயே, அவர்கள் நிலையத்தினுள் வந்து மாணவர்களை விசாரிக்கலாம் என்றும், அவர்கள் வேண்டிக்கொண்டால், பயணச்சீட்டுக்குப் பணம் செலுத்தியிருந்தாலுங்கூட அந்த மாணவனை ரயில் கம்பெனி ஏற்றிச்செல்லக் கூடாது என்றும் விதி எழுதப்பட்டது. ஊருக்குள் வருவதற்கு மட்டுமல்ல, ஊரைவிட்டு வெளியே போவதற்கும் ஒரு வாயில் இருந்தது என்பது பிள்ளைகளுக்கு ஆச்சரியமாயிருந்தது. இவ்வூருக்கு நகரம் என்ற அந்தஸ்து சட்டப்படி கிடைத்தது 1951-இல்தான் என்பதையும் சொல்லிவைத்தேன்.

டிரம்பிங்டன் வீதியின் இரு மருங்கிலும், நடைபாதைக்கும் வீதிக்கும் இடையே, கல்லால் அமைத்த வாய்க்கால்கள் ஓடுகின்றன. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊருக்கு வெளியேயுள்ள ஊற்றுகளிலிருந்து நல்ல தண்ணீரைக் கொண்டுவருவதற்காக, ஊராரும் சர்வகலாசாலையாரும் சேர்ந்து செய்த காரியம் இது. இரு தரத்தாரும் பல நூற்றாண்டுகள் ஓயாமல் வழக்காடிக்கொண்டிருந்த ஓர் ஊரில், ஒற்றுமையாகச் செய்த ஒன்றைக் காலடியில் காண்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது. பீட்டர்ஹவுஸ் கல்லூரியை வெளியிலிருந்தே பார்த்தோம். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் மூலையில், 2008-இல் ஸ்டீபன் ஹாக்கிங் திறந்துவைத்த பொன்முலாம் பூசிய கடிகாரத்தின் உச்சியில், பெரிய வெட்டுக்கிளி போன்ற ஒரு பிராணி வாயைத் திறந்து நிமிஷங்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் பிள்ளைகளை நகர்த்துவது பெரும் பிரயத்தனமாயிற்று.

கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் நாங்கள் அதிக நேரம் தங்கினோம். உள்ளே போவதற்கு முன், அதன் வெளிச்சுவரைப் பார்த்து என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, கீழ்ப்பகுதியிலுள்ள கல் வெண்மையாகவும் மேற்பகுதியிலுள்ள கல் பழுப்பாகவும் இருக்கிறது என்று ஒரு சிறுமி கண்டுபிடித்தாள். அதுவே அக்கட்டடத்தின் சரித்திரம். ஆறாம் ஹென்றி அரசன் தன் கையால் அஸ்திவாரக் கல்லை வைத்தது 1446-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் தேதி. வெள்ளைக் கல் யார்க்ஷயரிலிருந்து வந்தது. பின்னர் அரச வமிசங்களுக்குள்ளே ரோஜாப் போர்கள் எனப்படும் யுத்தம் மூண்டு, 1461-இல் அவன் சிங்காதனத்தை இழந்து, 1471-இல் லண்டன் கோபுரத்துச் சிறையிலே மாண்டுபோனான். வேலை பல ஆண்டுகள் நின்றும் நடந்தும் தடுமாறியது. பிற்பாடு வேறு அரசர் காலத்தில், நார்த்தாம்டன்ஷயர் கல்லைக்கொண்டு மீண்டும் கட்டினார்கள். கட்டடம் பூர்த்தியானபோது வருஷம் 1515. அஸ்திவாரம் வைத்தவன் முகட்டைக் காணவில்லை. முகட்டைக் கட்டியவர்களுக்கு அஸ்திவாரம் தங்கள் பாட்டனார் காலத்துச் செய்தி.

அந்த முகட்டின் அடியில் போய் நின்றபோது பிள்ளைகள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். எண்பது அடி உயரத்தில், கல்லினாலான விலா எலும்புகள், தூண்களின் உச்சியிலிருந்து பனையோலை விசிறியின் நரம்புகள் போலப் புறப்பட்டு விரிந்து, எதிர்த்தூணிலிருந்து வரும் விரிவோடு நடுவிலே சந்திக்கின்றன. இவ்வகைக் கூரைகளில் உலகத்திலேயே பெரியது இதுதான். ஜான் வாஸ்டெல் என்ற கொத்தனார் தலைவர் இதை 1512 முதல் 1515 வரை மூன்றே வருஷத்தில் கட்டிமுடித்தார் என்பதைச் சொல்லி, இவ்வளவு பாரமும் ஏன் கீழே விழவில்லை என்று கேட்டேன். சுவர்களுக்கு வெளியே வரிசையாக நின்ற பருத்த கல் முட்டுகளை உள்ளே வருமுன் பார்த்திருந்த ஒருவன், அவை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருக்கின்றன என்றான். சரியான விடை. சுவரின் வேலையை அந்த முட்டுகள் ஏற்றுக்கொண்டதனால்தான், சுவர் இருக்கவேண்டிய இடமெல்லாம் கண்ணாடியாக முடிந்தது.

அந்தக் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றி ஒன்று. இருபத்தாறு பெரிய சாளரங்களில் மேற்குச் சாளரம் ஒன்று தவிர மற்றவை 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்தவை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, குண்டுவீச்சுக்குப் பயந்து, அவற்றிற் பெரும்பாலானவற்றைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பல இடங்களில் மறைத்துவைத்து, யுத்தம் முடிந்த பின் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். ஒரு நூலகம் எரிந்த கதையைத் தாய்தந்தையர் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, காக்கவேண்டியதை ஆபத்து வருமுன் காத்தவர்களின் கதையையும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இதே கல்லூரியில், ஸ்தாபித்த அரசன் வகுத்தபடி, அவனே நிறுவிய ஈட்டன் பள்ளியின் மாணாக்கர்களே நானூறு வருஷங்களுக்கு மேலாகச் சேர்ந்து படித்து வந்தார்கள். வேறு பள்ளியிற் படித்த ஒருவன் உள்ளே வந்தது 1865-இல். ஒரேயொரு பள்ளிக்கு மட்டும் திறந்த வாயில்! அத்தனை அழகான கூரையின் கீழ் நின்று இதைச் சொல்வது எனக்குச் சங்கடமாகவே இருந்தது. எனினும் சொன்னேன், அழகும் மெய், இதுவும் மெய்யாகையால்.

அடுத்ததாக நாங்கள் போனது, பக்கத்திலே செனட் மண்டபத்தை ஒட்டிய ஒடுக்கமான சந்துக்கு. அங்கே கான்வில் அண்டு கீஸ் கல்லூரியின் கௌரவ வாயில் இருக்கிறது. உச்சியில் அறுகோணமாக அமைந்து, பக்கத்துக்கொன்றாகச் சூரிய கடிகாரங்களைத் தாங்கி நிற்கும் சிறிய வாயில் அது. இக்கல்லூரியை 1557-இல் புதுப்பித்து நிறுவிய ஜான் கீஸ் என்ற அரண்மனை வைத்தியர், மாணாக்கன் பணிவு வாயிலால் பிரவேசித்து, நற்குண வாயிலைக் கடந்து, கற்றுமுடித்தபின் கௌரவ வாயிலால் வெளிப்பட்டுப் பட்டம் பெறச் செல்லவேண்டும் என்று திட்டமிட்டார். இன்றும் அக்கல்லூரி மாணாக்கர் பட்டமளிப்பு நாளில் இந்த வாயிலால் நடந்தே செனட் மண்டபத்துக்குப் போகிறார்கள். அங்கே நால்வர் நால்வராய், தம் கல்லூரி அதிகாரியின் விரல்களைப் பற்றிக்கொண்டு முன்செல்ல, லத்தீன் பாஷையில் பட்டம் வழங்கப்படுகிறது.

இவ்வளவு உயர்ந்த கருத்தைக் கல்லிலே எழுதிய அந்த வைத்தியரே, தம் கல்லூரிக்காக எழுதிய விதிகளில், செவிடர், ஊமையர், முடவர், தீராத நோயுடையவர், வேல்ஸ் நாட்டவர் ஆகியோரைச் சேர்க்கக் கூடாது என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் அதிர்ந்துபோனார்கள். சற்றுமுன் கடிகாரத்தருகே பெயர் சொன்ன ஸ்டீபன் ஹாக்கிங் எந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர் தெரியுமா என்று கேட்டேன். நரம்பு நோய் உடலை முடக்கத் தொடங்கிவிட்ட அந்த இளைஞரை 1965-இல் தன் ஃபெலோவாக, அதாவது ஆய்வும் போதனையும் செய்யும் கல்லூரி உறுப்பினராக, தெரிந்தெடுத்து, 2018-இல் அவர் இறக்கும்வரை ஐம்பது வருஷங்களுக்கு மேலாகத் தன்னுடையவராகவே வைத்துக்கொண்டிருந்தது இந்தக் கல்லூரிதான்.

செனட் மண்டபத்தின் வேலியருகே நின்று நான் இரண்டு பெயர்களைச் சொன்னேன். ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் யூதர்; 1837-ஆம் ஆண்டுக் கணிதப் பரீட்சையில் இரண்டாவதாகத் தேறியவர்; இன்று பள்ளிப்பிள்ளைகள் படிக்கும் மேட்ரிக்ஸ் கணிதத்துக்கு அப்பெயரை இட்டவர். இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்பதாகக் கையெழுத்திட்டால்தான் பட்டம் என்பது அந்நாள் விதி. அவர் கையெழுத்திடவில்லை, பட்டம் கிடைக்கவில்லை. 1871-இல் பார்லிமெண்டு இந்தச் சமயச் சோதனையை ஒழித்து, மறுவருஷம் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டபோது, முப்பத்தைந்து வருஷங்கள் கழிந்துவிட்டன. மற்றொருவர் பெண்கள் கல்லூரியான நியூன்ஹாமின் பிலிப்பா ஃபாசெட். 1890-இல் அதே கணிதப் பரீட்சையின் முடிவை இந்த மண்டபத்தில் வாசித்தபோது, அவர் சீனியர் ராங்ளர் எனப்படும் முதல் மாணாக்கருக்கும் மேலே இருக்கிறார் என்று அறிவித்தார்கள்.

"அப்ப அவாதானே முதலாவது?" என்று கேட்டாள் ஒரு பெண்.

"ஓம்."

"பிறகேன் ரீச்சர் மற்றவரை முதலாவது எண்டு சொன்னவை?"

பெண்களுடைய புள்ளிகள் தனிப் பட்டியலில் வாசிக்கப்பட்டன என்பதையும், சீனியர் ராங்ளர் என்ற பெயர் ஆண்களுக்கே உரியதாயிருந்தது என்பதையும், முதலாவதாக வந்தபோதிலும் அவருக்குப் பட்டமே வழங்கப்படவில்லை என்பதையும் சொன்னேன். பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்று 1897-இல் சர்வகலாசாலையார் வாக்கெடுத்தபோது, எதிர்த்தவர் 1,707 பேர், ஆதரித்தவர் 661 பேர். நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே, சைக்கிளில் அமர்ந்த ஒரு பெண்ணின் உருவத்தைச் செய்து ஜன்னலிலிருந்து தொங்கவிட்டு, ஆண் மாணாக்கர் ஆரவாரம் செய்தார்கள். நியூன்ஹாமிற் படித்து, பௌதிக அறிஞர் ரூதர்ஃபோர்டின் விரிவுரைகளைக் கேட்டு, பட்டமில்லாமல் 1923-இல் அமெரிக்காவுக்குப் போய், நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று 1925-இல் கண்டு எழுதிய செசிலியா பெய்னைப் போன்றவர்களை இந்நகரம் இவ்வாறுதான் இழந்தது. பெண்கள் முழு உரிமையுடன் பட்டம் பெற்றது 1948-இல். எங்களுடன் வந்திருந்த ஒரு பெண்ணின் பாட்டியார் பிறந்த வருஷமும் அதுவே என்று அவள் கணக்கிட்டுச் சொன்னாள். சரித்திரப் புத்தகத்தின் பழைய ஏடாக இருந்த செய்தி அக்கணத்தில் அவள் வீட்டுச் செய்தியாகிவிட்டது.

டிரினிட்டி கல்லூரியின் பெருவாயிலில், எட்டாம் ஹென்றியின் சிலை செங்கோலுக்குப் பதிலாக நாற்காலிக் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தார்கள். அருகே நியூட்டனின் ஊர் மரத்திலிருந்து வழிவந்த ஆப்பிள் மரம் ஒன்று. உள்ளே பெருமுற்றம். அந்தப் புல்தரையில் கல்லூரியின் ஃபெலோக்கள் தவிர வேறொருவரும் கால்வைக்கக் கூடாது என்ற விதி இன்றும் நிலைத்திருக்கிறது; நாங்களும் ஓரத்துக் கல் பாதையிலேயே நடந்தோம். ரென் நூலகத்தில், கண்ணாடிப் பேழைக்குள், நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவின் அவரது சொந்தப் பிரதி இருந்தது. அச்சான பக்கங்களின் மேலே, அடுத்த பதிப்புக்காகத் தம் கையாலேயே திருத்தங்கள் எழுதியிருக்கிறார். இவரும் பிழை திருத்தினாரா என்று ஒரு பையன் மெல்லக் கேட்டதை, இந்த நாளில் நான் பெற்ற பெரும் பேறாகவே கருதுகிறேன்.

அதே நூலகத்தில்தான் இராமானுஜனின் கடைசி வருஷத்து ஏடுகளும் இருக்கின்றன. ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் கவனமில்லாமல் கல்லூரிப் பரீட்சையில் தேறாமற்போய், சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது, 1913 ஜனவரியில் டிரினிட்டியின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார் என்பதும், 1914 ஏப்ரலில் இங்கே வந்தார் என்பதும் பிள்ளைகள் ஓரளவு அறிந்தவைதான். எதிர்ச்சாரியிலுள்ள ஹியூவெல் முற்றத்தைக் காட்டி, அவர் தங்கிய அறைகளும் தாமே சமைத்து உண்ட இடமும் அங்கே இருந்தன என்றேன். வந்த சில மாதங்களிலேயே யுத்தம் மூண்டது; மரக்கறி உணவுக்குரிய பண்டங்கள் அருகின; 1917-இல் நோயில் வீழ்ந்தார். அவ்வருஷம் அவரை ஃபெலோவாக்கும் முயற்சி கைகூடவில்லை. ராயல் சங்கத்தின் உறுப்பினரான பிறகு, 1918 அக்டோபரில் டிரினிட்டி அவரைத் தெரிந்தெடுத்தது.

"அப்ப அவர் புல்லிலை நடக்கலாம்," என்றாள் செனட் மண்டபத்தில் கேள்வி கேட்ட அதே பெண்.

நடக்கலாம்தான். ஆனால் அந்த உரிமை கிடைத்தபோது அவர் லண்டனில் ஒரு மருத்துவ இல்லத்திற் படுத்திருந்தார்; 1919 தொடக்கத்தில் தாய்நாட்டுக்குப் புறப்பட்டு, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி முப்பத்திரண்டு வயதில் சென்னையில் காலமானார். 1871-இல் சமயச் சோதனை ஒழிந்திராவிட்டால், வைஷ்ணவப் பிராமணரான இராமானுஜன் அந்த ஃபெலோஷிப்பைப் பெற்றிருக்க வழியில்லை. சில்வெஸ்டர் போன்றவர்கள் கையெழுத்திட மறுத்ததும், சட்டத்தை மாற்ற மற்றவர்கள் வாதாடியதும், பிற்காலத்தில் ஒரு தமிழருக்கு வழிசெய்யும் என்று அவர்களில் ஒருவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நோயோடு அவர் எழுதிய அந்தத் தாள்கள் பிற்பாடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கை மாறிக் கை மாறி, கடைசியில் இந்த நூலகத்துப் பெட்டியில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1976-இல் அவற்றைக் கண்டெடுத்தார். அவற்றிலுள்ள அறுநூற்றுக்கு மேற்பட்ட சூத்திரங்களை நிரூபித்து விளக்குவதற்கு அவரும் புரூஸ் பெர்ண்ட்டும் ஐந்து பெரிய தொகுதிகள் எழுதவேண்டியிருந்தது. கடைசித் தொகுதி 2018-இல் வந்தது.

திரும்பும் வழியில் பழைய கேவன்டிஷ் ஆராய்ச்சிச்சாலை இருந்த சந்தினை விரைவாகக் கடந்தோம். ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானையும், சாட்விக் நியூட்ரானையும் கண்ட இடம். பக்கத்துச் சுவரில் ரூதர்ஃபோர்டின் செல்லப் பெயரைக் குறித்துச் செதுக்கிய முதலை ஒன்றும் இருக்கிறது. அதற்குள் எல்லோருக்கும் பசி வந்துவிட்டது.

பார்க்கர்ஸ் பீஸ் என்ற பெரிய புல்வெளியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். தயிர்ச்சாதமும் மட்டன் ரோலும் ஒன்றாகப் பரிமாறப்பட்டன. அவ்வளவு நேரமும் புல்லைத் தொடாமல் நடந்த பிள்ளைகளுக்கு இங்கே தடையொன்றும் இல்லை. 1613-இல் டிரினிட்டி கல்லூரி ஆற்றுக்கப்பாலிருந்த நிலத்தைப் பெற்றுக்கொண்டு, அதற்கு மாற்றாக இவ்வெளியை ஊராருக்குக் கொடுத்தது. இது பெயர் பெற்றிருப்பதோ, இதைக் குத்தகைக்கு வைத்திருந்த எட்வர்டு பார்க்கர் என்ற கல்லூரிச் சமையற்காரரால். 1848-இல் கேம்பிரிட்ஜ் மாணாக்கர்கள் வகுத்த காற்பந்து விதிகள் பின்னாளில் உலகமெங்கும் ஆடும் ஆட்டத்துக்கு ஆதாரமாயின. அவ்விதிகளின்படி அவர்கள் விளையாடிப் பழகியது இந்த வெளியில்தான். அதைக் கேட்டபின் பையன்களை உட்காரவைக்க முடியவில்லை.

மூத்த பிள்ளைகள் சிலர் என்னருகே இருந்து, இப்போது இங்கே சேர்வதற்கு என்ன செய்யவேண்டும் என்று விசாரித்தார்கள். விண்ணப்பம் அக்டோபர் நடுப்பகுதிக்குள் அனுப்ப வேண்டும். ஒரே வருஷத்தில் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சேர்த்து அனுப்ப முடியாது. பல பாடங்களுக்குத் தனிப் பரீட்சை உண்டு. டிசம்பரில் நேர்முகம் நடக்கும், அதில் மனப்பாடம் செய்ததை ஒப்புவிப்பதைவிட, தெரியாத கேள்வியை எப்படி அணுகுகிறீர்கள் என்பதையே பார்ப்பார்கள் என்றெல்லாம் தெரிந்தவரையில் சொன்னேன். வசதியுள்ள பள்ளிகளில் இதற்கென்றே ஆசிரியர்கள் இருந்து பழக்குகிறார்கள் என்பதையும், அந்த அனுகூலம் இல்லாதவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஒருத்தி தேதிகளைக் குறித்துக்கொண்டாள்.

ரயிலில், ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து செய்த வேலையில் பிள்ளைகளுக்கு விளங்கக்கூடிய ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நான்கு என்ற எண்ணை, வரிசையைப் பொருட்படுத்தாமல், முழு எண்களின் கூட்டாக எத்தனை விதமாக எழுதலாம்? நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள்: ஆக ஐந்து விதம். ஐந்துக்கு ஏழு விதம். நூறுக்கு 19 கோடிக்கு மேல். மெக்மேகன் என்பவர் இருநூறு வரைக்கும் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். இருநூறுக்கு வந்த தொகை 3,972,999,029,388. அவ்விருவர் கண்ட சூத்திரம் அந்த எண்ணையே தந்தது. பிள்ளைகள் தாளை எடுத்துக்கொண்டார்கள். ஆறுக்குப் பதினொன்று என்பதில் சண்டையில்லை, ஏழுக்குப் பதினைந்து. எட்டுக்கு இருபத்தொன்று என்று ஒரு கட்சியும், இருபத்திரண்டு என்று ஒரு கட்சியும் நின்று, விடுபட்ட ஒரு கூட்டைத் தேடித் தேடி, ஸ்டீவனேஜ் கடந்த பிறகுதான் இருபத்திரண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஒன்பதை எழுதத் தொடங்கியபோது கிங்ஸ் கிராஸ் வந்துவிட்டது. மீதியை வீட்டில் முடித்து, அடுத்த வகுப்புக்குக் கொண்டுவருவதாக அவர்களே சொன்னார்கள். வருகிற வருஷம் நியூன்ஹாமையும், நகரத்துக்கு வெளியே பெண்களுக்கென்றே தொடங்கிய கர்ட்டன் கல்லூரியையும் பார்க்க ஒரு நாள் ஒதுக்கவேண்டும் என்று பள்ளி நிர்வாகத்தாருக்கு எழுதியிருக்கிறேன்.